சேலைன் போத்தலில் என்ன இருக்கிறது? எப்போது ஏற்ற வேண்டும், எப்போது வாயால் குடித்தால் போதும்

நீண்ட காலத்தின் பின் சொந்த ஊருக்குத் திரும்பும் குடும்பங்கள் முதலில் சந்திக்கும் நோய்களில் வயிற்றோட்டமும் காய்ச்சலும் முக்கியமானவை. பல வருடங்கள் இறைக்கப்படாத கிணறுகள், பாதி கட்டிய மலசலகூடங்கள், பற்றை வளர்ந்த காணிகள், மழை பெய்தால் நீர் தேங்கும் பழைய பாத்திரங்களும் ரயர்களும் இவற்றுக்கு வழிவிடுகின்றன. வைத்தியசாலையோ பல ஊர்களுக்கு இன்னும் தூரமாகவே இருக்கிறது.

இந்த நிலையில், "ஒரு சேலைன் ஏற்றினால் எல்லாம் சரியாகிவிடும்" என்ற பேச்சை நாம் எல்லா ஊர்களிலும் கேட்கிறோம். தமிழ்நாட்டு முகாம்களில் இருந்து திரும்பியவர்கள் இதையே "குளுக்கோஸ் ஏற்றுவது" என்கிறார்கள். இந்த நம்பிக்கையில் ஓரளவு உண்மை உண்டு. சரியான நேரத்தில் ஏற்றிய ஒரு போத்தல் உயிரைக் காப்பாற்றும். ஆனால் அதே நம்பிக்கையால், வீட்டிலேயே தொடங்கியிருக்க வேண்டிய சிகிச்சை தாமதமாகிறது. தேவையில்லாத போத்தலுக்குக் காசு செலவாகிறது. சில நோய்களில் கூடுதலாக ஏற்றிய சேலைனே ஆபத்தாகிறது.

எனவே இந்தப் போத்தல்களில் என்ன இருக்கிறது, ஒன்றுக்கொன்று என்ன வித்தியாசம், வைத்தியர் ஏன் ஒருவருக்கு ஒன்றையும் மற்றவருக்கு வேறொன்றையும் தெரிவுசெய்கிறார் என்பதை இங்கே விளக்குகிறோம்.

உடலில் நீர் குறையும்போது நடப்பது என்ன?

வளர்ந்த ஒருவரின் உடல் நிறையில் ஏறத்தாழ 60 சதவீதம் நீர். கைக்குழந்தைகளில் இது இன்னும் அதிகம். 50 கிலோ நிறையுள்ள ஒருவரின் உடலில் சுமார் 30 லீற்றர் நீர் இருக்கும். அதில் பெரும்பகுதி கலங்களுக்குள்ளே இருக்கிறது. குருதிக் குழாய்களுக்குள் ஓடும் குருதியின் நீர்ப்பகுதி இரண்டரை லீற்றர் அளவுதான். இந்தச் சிறிய அளவு குறைந்தால் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போதிய குருதி போய்ச் சேராது.

வயிற்றோட்டத்திலும் சத்தியிலும் நீர் மட்டும் வெளியேறுவதில்லை. சோடியம், பொற்றாசியம் போன்ற உப்புக்களும் சேர்ந்து வெளியேறுகின்றன. 10 கிலோ நிறையுள்ள பிள்ளை ஒரு லீற்றர் நீரை இழந்தால் அது உடல் நிறையில் பத்தில் ஒரு பங்கு. அது உயிருக்கு ஆபத்தான நிலை. பெரியவர் ஒருவர் தாங்கிக்கொள்ளும் இழப்பைப் பிள்ளையால் தாங்க முடியாமற்போவது இதனால்தான்.

இழந்த நீரையும் உப்பையும் நாளத்தின் ஊடாக நேரே குருதிக்குள் செலுத்துவதே சேலைன் ஏற்றுவது. 1832ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தில் கொலரா பரவியபோது தோமஸ் லற்றா என்ற வைத்தியர் உப்புக் கலந்த நீரை நோயாளரின் நாளத்தில் செலுத்தினார். அவர் முதலில் சிகிச்சை அளித்தது ஒரு வயதான பெண்ணுக்கு. சாகும் தறுவாயில் இருந்த அந்தப் பெண் சிறிது நேரத்தில் தேறினார். வைத்தியர் வெளியே சென்றபின் வயிற்றோட்டமும் சத்தியும் மீண்டும் தொடங்கின. யாரும் திரும்ப நீர் ஏற்றவில்லை. சில மணித்தியாலங்களில் அவர் இறந்துபோனார். இதிலிருந்து நாம் அறிய வேண்டியது, ஒரு போத்தலோடு சிகிச்சை முடிந்துவிடாது என்பது. இழப்பு தொடரும்வரை ஈடுசெய்வதும் தொடர வேண்டும்.

போத்தல்களின் வகைகள்

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாப் போத்தல்களும் ஒரே மாதிரித் தெளிந்த நீராகத்தான் தெரியும். உள்ளே இருப்பது வேறு வேறு.

*சாதாரண சேலைன்.* ஒரு லீற்றர் நீரில் 9 கிராம் உப்பு கலந்தது. போத்தலில் 0.9% என்று எழுதியிருக்கும். சமையலுக்குப் பயன்படுத்தும் அதே வகை உப்புத்தான், ஆனால் மருத்துவத் தரத்தில் சுத்திகரிக்கப்பட்டு, கிருமி நீக்கப்பட்டது. ஏற்றியதும் அது குருதியிலும் கலங்களைச் சூழ்ந்த பகுதியிலும் தங்கும். குருதி அமுக்கம் விழுந்தவருக்கு அவசரமாகக் கொடுக்க ஏற்றது. தலையில் அடிபட்டவர்களுக்கும் பெரும்பாலும் இதையே விரும்புவார்கள். இதன் குறை என்னவென்றால், குருதியில் இயல்பாக இருப்பதைவிட இதில் குளோரைட்டு அதிகம். பல லீற்றர் ஏற்றினால் குருதியில் அமிலத்தன்மை கூடலாம்.

*ஹாட்மன் அல்லது றிங்கர் லக்ரேற்.* இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. சோடியத்துடன் சிறிதளவு பொற்றாசியம், கல்சியம், லக்ரேற் ஆகியனவும் இதில் உண்டு. உடல் லக்ரேற்றை மாற்றி, குருதியின் அமிலத்தைக் குறைக்கப் பயன்படுத்திக்கொள்ளும். ஆகவே சாதாரண சேலைனைவிட இது குருதியின் இயல்புக்கு நெருக்கமானது. வயிற்றோட்டத்தில் பொற்றாசியமும் இழக்கப்படுவதால், நீரிழப்பு கடுமையானவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். இது கிடைக்காத இடத்தில் சாதாரண சேலைன் கொடுக்கலாம்.

*டெக்ஸ்ரோஸ்.* இதையே பலர் குளுக்கோஸ் என்கிறார்கள். 5% டெக்ஸ்ரோஸ் என்றால் ஒரு லீற்றரில் 50 கிராம் சீனிச்சத்து. உடல் அந்தச் சீனிச்சத்தை எரித்தபின் மிஞ்சுவது வெறும் நீர். அது உடல் முழுவதும் பரவிவிடும். குருதிக் குழாயில் தங்குவது பன்னிரண்டில் ஒரு பங்கு அளவே. வயிற்றோட்டத்தால் சோர்ந்துபோன பிள்ளைக்குத் தனி டெக்ஸ்ரோஸ் போதாது என்று சொல்வதற்கு இதுவே காரணம். உப்பில்லாத நீர் அதிகம் ஏறினால் குருதியின் சோடியம் குறைந்து மூளை வீங்கவும் வலிப்பு வரவும் கூடும். சாப்பிட முடியாதவருக்கும், குருதியில் சீனி குறைந்தவருக்கும் இது பயன்படும். உப்பும் டெக்ஸ்ரோஸும் கலந்த போத்தல்களும் உண்டு.

*டெக்ஸ்ரான் போன்றவை.* இவற்றில் பெரிய மூலக்கூறுகள் இருப்பதால் குருதிக் குழாயை விட்டு இலகுவில் வெளியேறாது. டெங்கு கடுமையாகும்போது எமது வைத்தியசாலைகளில் டெக்ஸ்ரான் 40 பயன்படுத்தப்படுகிறது. இதை அளவு பார்த்து, கவனமாகவே கொடுப்பார்கள்.

*மருந்து கலந்த போத்தல்.* சில மருந்துகளை நேரே ஊசியாகப் போடாமல் சேலைனில் கலந்து மெதுவாக ஏற்றுவார்கள். காணி துப்புரவாக்கும்போது பாம்பு கடித்தவருக்கு ஏற்றும் போத்தலைப் பார்த்து, "வெறும் சேலைன்தானே, அதை வீட்டுக்குக் கிட்ட எங்காவது ஏற்றலாமே" என்று சிலர் நினைப்பதுண்டு. அதில் கலந்திருப்பது விஷமுறிவு மருந்து. அதைக் கொடுக்கும்போது கடும் ஒவ்வாமை ஏற்படலாம் என்பதால் வைத்தியசாலையிலேயே கொடுக்க வேண்டும்.

எது சிறந்தது?

சாதாரண சேலைனா, றிங்கர் லக்ரேற் வகையா என்பது வைத்திய உலகில் நீண்ட காலமாக ஆராயப்பட்டு வரும் கேள்வி. 2018இல் அமெரிக்காவில் அதிதீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளர் 15,000க்கு மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில், இரண்டாவது வகையைப் பெற்றவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு முதலியன சற்றுக் குறைவாக இருந்தன. 100 பேரில் ஏறத்தாழ ஒருவர் என்ற அளவு வித்தியாசம். பின்னர் 2021இல் பிரேசிலிலும், 2022இல் அவுஸ்திரேலியா, நியூசிலாந்திலும் வெளியான பெரிய ஆய்வுகளில் இறப்புக்களில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை.

ஆகவே, பக்கத்துக் கட்டில் நோயாளருக்கு வேறு போத்தல் ஏறுகிறது, எங்கள் ஆளுக்கு மலிவானதைக் கொடுத்துவிட்டார்கள் என்று மனம் வருந்தத் தேவையில்லை. நோய், வயது, நிறை, சிறுநீரகம் வேலை செய்யும் விதம், குருதிப் பரிசோதனை முடிவு என்பவற்றைப் பார்த்தே போத்தல் தெரிவுசெய்யப்படுகிறது. குருதியில் பொற்றாசியம் கூடிய சிறுநீரக நோயாளருக்கும், சீனி கட்டுமீறிய நீரிழிவு நோயாளருக்கும், வயிற்றோட்டம் பிடித்த பிள்ளைக்கும் ஒரே போத்தல் பொருந்தாது. பெரும்பாலான வேளைகளில் எந்தப் போத்தல் என்பதைவிட, எவ்வளவு, எவ்வளவு வேகமாக, எப்போது நிறுத்துவது என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது.

கூடக் கொடுத்தால் கூட நன்மையா?

இல்லை. 2011இல் உகண்டா, கென்யா, தன்சானியா ஆகிய நாடுகளில் கடும் காய்ச்சலுடனும் குருதியோட்டக் குறைவுடனும் வந்த 3,141 பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. வயிற்றோட்டப் பிள்ளைகள் இதில் சேர்க்கப்படவில்லை. வந்தவுடன் வேகமாகத் திரவம் ஏற்றப்பட்ட பிள்ளைகளில் 100க்கு 10 பேருக்கு மேல் 48 மணித்தியாலத்துக்குள் இறந்தனர். அப்படி வேகமாக ஏற்றாத பிள்ளைகளில் இறந்தவர்கள் 100க்கு 7 பேர் அளவில். உதவும் என்று எல்லோரும் நம்பிய ஒன்று அந்தப் பிள்ளைகளுக்குக் கேடாக முடிந்தது.

ஏறிய நீரை உடல் கையாள முடியாதபோது அது நுரையீரலில் தேங்கி மூச்சுத்திணறலை ஏற்படுத்தும். இருதய நோயாளர், சிறுநீரக நோயாளர், முதியோர், சிறுபிள்ளைகள் ஆகியோருக்கு இந்த ஆபத்து அதிகம். வடமத்திய மாகாணத்திலும் வவுனியாவின் சில பகுதிகளிலும் காரணம் அறியப்படாத சிறுநீரக நோய் காணப்படுவதை நீங்கள் அறிவீர்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது சிறுநீரக நோய் இருந்தால், வைத்தியசாலைக்குப் போனதும் கேட்காமலே அதைச் சொல்லிவிடுங்கள்.

டெங்கு: அளவு தவறக்கூடாத நோய்

2017இல் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவாகினர். டெங்கில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் குறையும் நேரத்தில்தான் தொடங்குகிறது. அப்போது குருதியின் நீர்ப்பகுதி குழாய்களை விட்டுக் கசிந்து நெஞ்சிலும் வயிற்றிலும் சேர்கிறது. இது 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கும். அதன்பின் கசிந்த நீர் தானாகவே குருதிக்குத் திரும்பும்.

கசியும் நேரத்தில் நீர் குறைவாகக் கொடுத்தால் குருதி அமுக்கம் விழும். கூடுதலாகக் கொடுத்தால், அதுவும் கசிந்து, நோயாளர் மூச்சுவிட முடியாமல் தவிப்பார். இதனால் எமது நாட்டின் சிகிச்சை வழிகாட்டியில் இந்தக் கட்டத்துக்கு நிறைக்கேற்ற அளவு வகுக்கப்பட்டிருக்கிறது. 50 கிலோ நிறையுள்ளவருக்கு, வாயால் குடிப்பதையும் சேர்த்து, 48 மணித்தியாலத்துக்கும் மொத்தம் 4,600 மில்லிலீற்றர். வைத்தியசாலையில் தாதியர் ஒவ்வொரு கோப்பையையும் எழுதச் சொல்வதும், சிறுநீரை அளக்கச் சொல்வதும் இதற்காகவே. பாசத்தால் களவாகக் கொடுக்கும் ஓர் இளநீரும் அந்தக் கணக்கைக் குழப்பிவிடும். கொடுத்தால் சொல்லிவிடுங்கள்.

வீட்டில் காய்ச்சலோடு இருக்கும் முதல் நாட்களில் நன்றாகக் குடிக்கக் கொடுங்கள். வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு இரண்டரை லீற்றர் அளவு போதும். ஜீவனி, கஞ்சி, இளநீர், பழச்சாறு நல்லவை. வெறும் தண்ணீரை மட்டும் கொடுக்க வேண்டாம். சிவப்பு, மண்ணிறப் பானங்களைத் தவிருங்கள். சத்தியில் இரத்தம் இருந்தால் தெரியாமற் போய்விடும். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டுமே. அஸ்பிரின், புறூபன், டைக்குளோபினாக் கொடுக்கக்கூடாது. மூன்றாம் நாளும் காய்ச்சல் இருந்தால் குருதிப் பரிசோதனை அவசியம். இந்த நிலையில் வெளியில் எங்காவது ஒரு சேலைன் ஏற்றிக்கொண்டு வீடு திரும்புவது மிக ஆபத்தானது.

வாயால் கொடுக்கும் சேலைன்

1971இல் வங்காளதேச விடுதலைப் போரின்போது இலட்சக்கணக்கான அகதிகள் இந்தியாவின் மேற்கு வங்காளத்துக்குள் வந்தனர். முகாம்களில் கொலரா பரவியது. பொங்கான் என்ற இடத்தில் பணியாற்றிய வைத்தியர் திலீப் மகாலனாபிஸிடம் இருந்த சேலைன் போத்தல்கள் தீர்ந்துகொண்டிருந்தன. அவர் உப்பு, அப்பச்சோடா, குளுக்கோஸ் ஆகியவற்றை அளந்து நீரில் கரைத்து, நோயாளரின் உறவினரிடமே கொடுத்துப் பருக்கச் சொன்னார். 100 பேருக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் இறப்பு 100க்கு 4க்கும் கீழே குறைந்தது. அந்த உயிர்களைக் காத்தவர்கள் பெரும்பாலும் முகாமிலிருந்த தாய்மாரும் உறவினரும்தான்.

அந்தக் கரைசலின் வழிவந்ததே இன்று நாம் வாங்கும் ஜீவனிப் பக்கெற். சீனிச்சத்து குடற்சுவரில் உறிஞ்சப்படும்போது உப்பையும் நீரையும் தன்னுடன் இழுத்துச் செல்கிறது. வயிற்றோட்டம் நடந்துகொண்டிருக்கும்போதும் இந்த வழி அடைபடுவதில்லை. வயிற்றோட்டம் பிடித்தவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு இதுவே போதும்.

கரைக்கும் முறை:

- கொதித்தாறிய நீர் ஒரு லீற்றரில் ஒரு பக்கெற் முழுவதையும் ஒரேயடியாகக் கரைக்கவும். அரைப் பக்கெற் கரைப்பதும், ஒன்றரை லீற்றர்ப் போத்தலில் கரைப்பதும் தவறு.
- சீனியோ உப்போ மேலதிகமாகச் சேர்க்க வேண்டாம். கரைத்தபின் கொதிக்கவைக்க வேண்டாம்.
- 24 மணித்தியாலத்தின் பின் மிஞ்சியதை ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரைக்கவும்.
- ஒவ்வொரு தடவை தண்ணீராகப் போனபின்பும் 2 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு 50 முதல் 100 மில்லிலீற்றர், 2 முதல் 10 வயதுப் பிள்ளைக்கு 100 முதல் 200 மில்லிலீற்றர், பெரியவருக்கு விரும்பிய அளவு கொடுக்கவும்.
- சத்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, தேக்கரண்டியால் சிறிது சிறிதாகத் திரும்பக் கொடுக்கவும்.
- தாய்ப்பாலையும் வழமையான உணவையும் நிறுத்த வேண்டாம். சிங்க் மருந்து பற்றி வைத்தியரிடம் கேட்கவும்.

ஜீவனி கைவசம் இல்லாவிட்டால், ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் 6 மட்டமான தேக்கரண்டி சீனியும் அரை மட்டத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுத்தபடியே வைத்தியசாலைக்குப் புறப்படலாம். உப்பின் அளவைக் கூட்டிவிடக் கூடாது.

"உடம்பு இயலாமல் இருக்கிறது, ஒரு சேலைன் ஏற்றுவோம்"

அரை லீற்றர் 5% டெக்ஸ்ரோஸில் இருப்பது 25 கிராம் சீனிச்சத்து, அதாவது இரண்டு மேசைக்கரண்டி சீனி அளவு. அது தரும் சக்தி 100 கலோரிக்கும் குறைவு. அரை லீற்றர் சாதாரண சேலைனில் இருப்பது ஒரு தேக்கரண்டிக்கும் குறைந்த உப்பு. இவற்றில் புரதமும் இல்லை, இரும்புச்சத்தும் இல்லை. ஒரு கோப்பை சோறும் பருப்பும் கீரையும் இதைவிடக் கூடிய பலன் தரும். ஏற்றியபின் சற்றுத் தெம்பாக இருப்பது உண்மைதான். அதற்கு ஒரு மணித்தியாலம் படுத்திருந்ததும், தாகம் தீர்ந்ததும் காரணமாக இருக்கலாம்.

நாட்பட்ட களைப்புக்கு வேறு காரணங்கள் உண்டு. குருதிச்சோகை, நீரிழிவு, தைரொயிட் குறைபாடு, உறக்கமின்மை, மனதை விட்டகலாத துயரம் என்று பல. இழப்புக்களைச் சுமந்து திரும்பியவர்களின் உடல் சோர்ந்துபோவது வெட்கப்பட வேண்டிய ஒன்றல்ல. அரச வைத்தியசாலையில் காட்டுங்கள். பரிசோதனையும் சிகிச்சையும் அங்கு இலவசம். தகுதியற்ற ஒருவர் வீட்டில் வந்து ஊசி குத்துவதால் கிருமித்தொற்று ஏற்படலாம், நாளம் வீங்கலாம்.

உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

- குடிக்க முடியாமை, அல்லது குடித்ததெல்லாம் சத்தியாகப் போதல்
- கண் குழிவிழுதல், அழுதால் கண்ணீர் வராமை, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகவே பழைய நிலைக்குத் திரும்புதல்
- அசாதாரணத் தூக்கம், மயக்கம், வலிப்பு
- 6 மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமை
- மலத்தில் இரத்தம், வேறெங்காவது இரத்தக்கசிவு
- காய்ச்சலுடன் அல்லது காய்ச்சல் விட்டபின் கடும் வயிற்றுவலி, கைகால் குளிர்தல்

இந்த நிலையில் தாமதிக்க வேண்டாம். நீரிழப்பு கடுமையான 10 கிலோ நிறையுள்ள 2 வயதுப் பிள்ளைக்கு ஒரு லீற்றர் திரவத்தை 3 மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும். அதில் 300 மில்லிலீற்றர் முதல் அரை மணித்தியாலத்துக்குள். இதை வைத்தியசாலையில்தான் செய்ய முடியும். சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவையை 1990 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். நோயாளர் விழிப்பாக இருந்து விழுங்கக்கூடியவராக இருந்தால் போகும் வழியிலும் ஜீவனியைக் கொடுத்துக்கொண்டே செல்லுங்கள்.

வைத்தியரிடம் எத்தனை நாள் காய்ச்சல், எத்தனை தடவை வயிற்றால் போனது, கடைசியாகச் சிறுநீர் போனது எப்போது, ஏற்கனவே வேறெங்காவது சேலைன் ஏற்றினீர்களா, இருதய அல்லது சிறுநீரக நோய், நீரிழிவு உண்டா, கர்ப்பமா என்பதைச் சொல்லுங்கள். இடம்பெயர்வில் கிளினிக் புத்தகங்கள் தொலைந்திருந்தால் பாவிக்கும் மருந்துகளின் உறைகளையாவது கொண்டுபோங்கள்.

போத்தல் ஏறும்போது வேகத்தைக் கூட்டும் சிறு சில்லை நீங்களாகத் திருப்ப வேண்டாம். குளிர் நடுக்கம், மூச்சுத்திணறல், இருமல், உடலில் தடிப்பு, ஊசி குத்திய இடத்தில் வீக்கம் அல்லது நோவு தெரிந்தால் உடனே தாதியைக் கூப்பிடுங்கள். வீடு திரும்பியபின் வயிற்றோட்டம் நிற்கும்வரை ஜீவனியைத் தொடருங்கள்.

உங்கள் கிணற்றை இறைத்துக் குளோரின் இடுவதற்குப் பிரதேசப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். குடும்பநல மாது வரும்போது ஜீவனி கரைக்கும் முறையை ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள். இரண்டு பக்கெற் ஜீவனியையும், ஒரு லீற்றர் அளவு குறித்த சுத்தமான போத்தலையும் வீட்டில் எப்போதும் எடுத்து வையுங்கள். இரவில் பிள்ளைக்கு வயிற்றால் போகத் தொடங்கினால் விடியும்வரை காத்திராமல் சிகிச்சையைத் தொடங்க அவை போதும்.